‘கூகுள்ல எடுத்தேன் சார்’னு சொன்னா போதுமா? ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு ஆதாரம் தேடக் கற்றுக்கொடுப்போம்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணி. சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைக்கிற நேரத்தில்தான் பிள்ளை மெதுவாக வந்து நிற்கும். “அம்மா, நாளைக்கு ப்ராஜெக்ட் கொடுக்கணும்.” தலைப்பு என்னவென்று கேட்டால், “நம்ம மாவட்டத்தைப் பத்தி...” என்று இழுக்கும்.

அடுத்த அரை மணி நேரம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். போனை எடுப்போம், முதலில் வருகிற பக்கத்தைத் திறப்போம், பிள்ளை அதைப் பார்த்து எழுதும். இல்லையென்றால் காலையில் பிரவுசிங் சென்டரில் ஒரு பிரின்ட் அவுட். கடைசிப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ‘நன்றி: கூகுள்’ என்று எழுதி, சுற்றி நாலு பூ போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

கூகுள் ஒரு பஸ் ஸ்டாண்டு மாதிரிங்க. “எங்கேயிருந்து வர்றீங்க?” என்று கேட்டால், “விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுல இருந்து” என்று யாராவது சொல்வார்களா? திருவண்ணாமலையிலிருந்தோ, கடலூரிலிருந்தோ வந்து அங்கே இறங்கியிருப்போம். தகவலும் அப்படித்தான். அது எந்த ஊர் பஸ்ஸில் வந்தது என்பதைச் சொல்வதுதான் ஆதாரம்.

34 லட்சமா, 21 லட்சமா?

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி விழுப்புரம் மாவட்ட மக்கள்தொகை 34,58,873 என்று சார்ட்டில் பெரிதாக எழுதியிருந்தாள். பக்கத்து மேசையில் இருந்த பையனின் சார்ட்டில் ‘சுமார் 21 லட்சம்’ என்று இருந்தது. பார்வையிட வந்தவர் சிரித்துக்கொண்டே, “ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி?” என்று கேட்டார். இருவரும் சொன்ன பதில் ஒன்றுதான், “நெட்ல இருந்துச்சு சார்.” அவர் இருவருக்கும் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு நகர்ந்தார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

வேதனை என்னவென்றால், இரண்டு பேருமே சரி. 34,58,873 என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விழுப்புரம் மாவட்டத்துக்குக் கொடுக்கப்பட்ட எண். அப்போது கள்ளக்குறிச்சியும் சேர்ந்த மாவட்டம் அது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு, அதே 2011 கணக்கை இன்றைய எல்லைக்குப் பிரித்துப் பார்த்தால் சுமார் 21 லட்சம் வருகிறது. ‘2011 கணக்கெடுப்பு, கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முன்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பெண் தலைநிமிர்ந்து பதில் சொல்லியிருப்பாள். பதில் அவள் சார்ட்டிலேயே இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் அவளிடம் இல்லை.

அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் பிள்ளைகள் மூன்று கேள்வி கேட்கப் பழகணும். யார் எண்ணினார்கள்? எப்போது எண்ணினார்கள்? எதை எண்ணினார்கள்? மாவட்டம் பற்றிய புள்ளிவிவரம் வேண்டுமென்றால், கணக்கெடுப்புத் துறையின் இணையதளம், மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம், பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை வெளியிடும் மாவட்டப் புள்ளியியல் கையேடு - இந்த மூன்றில்தான் முதலில் தேட வேண்டும். ‘டாப் 10 ஃபேக்ட்ஸ்’ பக்கங்களெல்லாம் இந்த மூன்றிலிருந்து எடுத்து, ஆண்டை மட்டும் வழியில் தொலைத்துவிட்டு வந்தவைதான்.

இதே கதை பழைய புத்தகங்களிலும் உண்டு. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993 செப்டம்பர் 30-ல். அதற்கு முன் இந்தப் பகுதி முழுவதும் தென்னாற்காடு மாவட்டம். ஆகவே 1993-க்கு முந்தைய நூல்களில் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ‘தென்னாற்காடு’ என்று தேடினால் கதவு திறக்கும். 1878-ல் கார்ஸ்டின் எழுதிய தென்னாற்காடு மாவட்டக் கையேடும், 1906-ல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய கெசட்டியரும் அப்படித் தேடினால் கிடைப்பவை. இரண்டும் வெள்ளைக்கார அதிகாரிகள் நிர்வாக வசதிக்காக எழுதியவை. நம் ஆட்களைப் பற்றி அவர்கள் சொல்லும் அபிப்பிராயத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்து ஏரி, சாலை, பயிர், பஞ்சம் பற்றித் தெரிந்துகொள்ள நல்ல இடம்.

செஞ்சிக்கோட்டையும் தேசிங்கு ராஜாவும்

நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் எடுக்கும் தலைப்பு செஞ்சிக்கோட்டை. நல்ல தலைப்புதான். தடுமாறி விழவும் வசதியான தலைப்பு.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி இடம்பெற்றது. அந்தச் செய்தி வந்ததும் வாட்ஸ்அப்பில் என்னென்னவோ சுற்றியது. யுனெஸ்கோவின் உலக பாரம்பரிய இணையப் பக்கத்துக்கே போய்ப் பார்த்தால் விஷயம் தெளிவாக இருக்கிறது. ‘இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகள் ஒரே தொகுப்பாகச் சேர்க்கப்பட்டுள்ளன. அதில் 11 மகாராஷ்டிராவில், மீதி ஒன்று நம் செஞ்சி. இதை இப்படிச் சொன்னால், 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்ததும், அவர் மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்ததும், முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டதும் ஏன் முக்கியம் என்பது பிள்ளைக்கே புரியும். ‘யுனெஸ்கோ அறிவிச்சிருக்கு’ என்று மொட்டையாக எழுதினால் அந்த நூல் அறுந்துவிடும்.

யுனெஸ்கோ பெயரைப் பார்த்ததும் நம்பிவிடவும் கூடாது. ‘உலகின் சிறந்த தேசிய கீதம் ஜன கண மன என்று யுனெஸ்கோ அறிவித்தது’ - இந்தச் செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. அப்படி ஒரு அறிவிப்பை யுனெஸ்கோ செய்யவே இல்லை. அறிவித்ததாகச் சொல்லப்படுகிறவரின் சொந்தப் பக்கத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று தேடுவதற்கு இரண்டு நிமிடம் போதும். எட்டாவது படிக்கிற பிள்ளையால் முடிகிற வேலைதான். செய்வதில்லை, அவ்வளவுதான்.

இனி தேசிங்கு ராஜா. நம் ஊரில் கூத்திலும் கதைப்பாடலிலும் அவர் இன்றைக்கும் குதிரை மேல்தான் இருக்கிறார். பக்கத்தில் நண்பன் மகமத்கான். வரலாற்று நூல்களில் அவர் பெயர் தேஜ் சிங். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு 1714-ல் மோதி உயிர்விட்டவர். அவர் செஞ்சியை ஆண்டது ஓராண்டு கூட இல்லை. இதற்கு ஆதாரம் கேட்டால், சி. எஸ். சீனிவாசாச்சாரி ஆங்கிலத்தில் எழுதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-ல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலைக் காட்டலாம்.

அப்படியென்றால் கதைப்பாடல் பொய்யா? இல்லைங்க. இங்கேதான் பல ஆசிரியர்களும் தவறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். ‘கதையெல்லாம் எழுதாதே’ என்று ஒரே வார்த்தையில் அடித்துவிடுகிறார்கள். போர் எந்த ஆண்டில் நடந்தது என்பதற்குக் கதைப்பாடல் ஆதாரம் ஆகாது. ஆனால் ஓராண்டு கூட ஆளாத ஒரு ராஜாவை இந்த ஜனங்கள் முன்னூறு வருடமாக ஏன் மறக்கவில்லை என்ற கேள்விக்கு அந்தக் கதைப்பாடல்தான் முதல் ஆதாரம். எந்தக் கேள்விக்கு எந்த ஆதாரம் என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால், பிள்ளை பாதி ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

மயிலத்தில் பெய்த மழை எவ்வளவு?

2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை விழுப்புரம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த வாரச் செய்திகளைத் தேடினால் 49, 50, 51 என்று ஒவ்வொன்றிலும் ஒரு எண் இருக்கும். ‘எல்லாரும் தப்புத் தப்பா போடறாங்க’ என்று பிள்ளை அலுத்துக்கொள்ளும்.

வானிலை ஆய்வு மையத்துக்கு ஒரு நாள் என்பது நமக்கு இருக்கிற மாதிரி நள்ளிரவில் தொடங்குவதில்லை. முதல் நாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது ஒரு நாள் மழை. அதைவிட, ஒரே பகுதியில் ஆள் போய் அளக்கிற மழைமானியும் இருக்கும், தானியங்கிக் கருவியும் இருக்கும். பக்கத்து ஊரின் அளவு நம் ஊர்க் கணக்கில் வந்து உட்காருவதும் நடக்கும். ஆகவே ‘மயிலத்தில் 50 செ.மீ.’ என்று மட்டும் எழுதாமல், ‘டிசம்பர் 1 காலை 8.30 உடன் முடிந்த 24 மணி நேரத்தில், சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைப்படி’ என்று எழுதச் சொல்லுங்கள். வேறு எண்ணைக் கையில் வைத்திருக்கிற ஆசிரியர் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்.

எங்கே போய்த் தேடறது?

வீட்டு வரி கட்டும்போது அதில் நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. காசு கொடுத்துவிட்டு வாசல்படி ஏறாமல் இருப்பானேன்? விழுப்புரத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, திண்டிவனத்தில் கிளை நூலகம் இருக்கிறது. பிள்ளையைத் தனியாக உள்ளே விட்டுவிட்டு வெளியே நிற்காதீர்கள். நூலகரிடம், “சார், கழுவெளி ஏரி பத்தி ப்ராஜெக்ட் பண்றா, எந்த அலமாரியில பார்க்கலாம்?” என்று முதல் தடவை நீங்களே கேட்டுக் காட்டுங்கள். இரண்டாம் தடவை அவளே கேட்பாள்.

நூலகத்தில் முதலில் கேட்க வேண்டியது கலைக்களஞ்சியம். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. புள்ளிவிவரங்கள் பழசாகியிருக்கும். ஆனால் அறிவியல், வரலாறு இரண்டிலும் அடிப்படையைத் தமிழில் அவ்வளவு தெளிவாகச் சொன்ன நூல் குறைவு. நூலகத்தில் இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தேடலாம். அங்கே எடுக்கிற நூல்கள் இலவசம், பக்க எண்ணோடு ஸ்கேன் செய்யப்பட்டிருக்கும் என்பதால் மேற்கோள் காட்டவும் வசதி. சங்க இலக்கியம் வேண்டுமென்றால் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் இருக்கிறது.

சங்க இலக்கியமா, நம்ம ஊர் ப்ராஜெக்ட்டுக்கா என்று கேட்காதீர்கள். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல், சிறுபாணாற்றுப்படையில் கிடங்கில் என்ற பெயரில் வருகிற ஊர்தான். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நூல் அது. இலக்கியத்தை ஆதாரம் காட்டும்போது பக்க எண்ணைவிட அடி எண் முக்கியம். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், அடி எண் மாறாது. கல்வெட்டுக்கும் இப்படி ஒரு முகவரி உண்டு. எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்கள் படித்த கல்லூரி இருந்ததைப் பலரும் எழுதுகிறார்கள். அதற்கு மூலம் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டு. கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கையில் அது 1917-ம் ஆண்டின் 333-வது எண். இந்த ஒரு எண்ணை எழுதினால் போதும், உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் அதைத் தேடிப் பிடித்துவிடலாம்.

அறிவியல் தலைப்பென்றால் திண்டிவனத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பினை அதிகம். நிலக்கடலை ரகங்களில் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த டி.எம்.வி. திண்டிவனத்தைக் குறிக்கும் எழுத்துகள். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. கடலைச் சாகுபடி பற்றி யூடியூபில் தேடுவதற்கு முன் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தைத் தமிழிலேயே படிக்கலாம். ஆசிரியர் மூலம் கடிதம் கொடுத்து நிலையத்து விஞ்ஞானியிடம் நேரில் கேட்கவும் முயலலாம். மரக்காணம் பக்கத்து கழுவெளிக்கு ராம்சார் அமைப்பின் இணையதளத்தில் தனிப் பக்கமே இருக்கிறது. 2024-ல் சேர்க்கப்பட்டது, பரப்பு 5,151.6 ஹெக்டேர். திருவக்கரை கல்மரங்களுக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. ஒவ்வொரு தலைப்புக்கும் ‘இதைப் பார்த்துக்கொள்வது யாருடைய வேலை?’ என்று கேட்டால் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

விக்கிப்பீடியா? பார்க்கலாம், தாராளமாகப் பார்க்கலாம். மேலிருந்து கீழே படிக்காமல் கீழிருந்து மேலே படிக்கச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் ‘மேற்கோள்கள்’ பகுதிதான் பிள்ளைக்கான புதையல். அங்கே கொடுத்திருக்கும் நூலையோ அறிக்கையையோ திறந்து படித்துவிட்டு, அதை ஆதாரமாகக் காட்டணும். திறக்கவே இல்லாமல் பெயரை மட்டும் நகல் எடுப்பது, பரீட்சையில் பக்கத்து இலையில் பார்த்து எழுதுவது மாதிரிதான்.

ஏ.ஐ.கிட்ட கேட்டா தப்பா?

இப்போது வீட்டுக்கு வீடு சாட்ஜிபிடி வந்துவிட்டது. தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். புரியாத ஒரு பத்தியை எளிமையாக விளக்கச் சொல்லலாம். எந்தத் துறை, எந்த மாதிரி நூலைத் தேடலாம் என்று யோசனை கேட்கலாம். ஆனால் “அஞ்சு புத்தகம் பேர் சொல்லு” என்று கேட்டால், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் சேர்த்து, இல்லாத புத்தகத்தையும் கூசாமல் சொல்லும்.

பெரியவர்களே இதில் விழுந்திருக்கிறார்கள். 2023-ல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் அப்படியே மனுவில் எழுதிவிட்டார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். அதனால் நம் வீட்டுச் சட்டம் ஒன்று இருக்கட்டும்: கையால் புரட்டாத, கண்ணால் திறந்து பார்க்காத எதுவும் ஆதாரப் பட்டியலில் ஏறாது. ஏ.ஐ. உதவி வாங்கியிருந்தால் அதையும் ஒரு வரி எழுதிவிடுவது மரியாதை.

எழுதி வைக்கும் முறை

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். ப்ராஜெக்ட் முடிந்த பிறகு உட்கார்ந்து ஆதாரம் எழுதினால் ஒன்றும் நினைவுக்கு வராது. படிக்கும்போதே எழுதணும். புத்தகம் என்றால் ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்கம். சீனிவாசாச்சாரியின் நூலுக்கு இதே வரிசையில் ஒரு வரி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், பழகிவிடும். இணையதளம் என்றால் எழுதியவர் அல்லது துறை, பக்கத்தின் தலைப்பு, முகவரி, அதோடு ‘பார்த்த நாள்’. இந்தப் பார்த்த நாளைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இணையப் பக்கம் நாளைக்கே மாறலாம், காணாமலும் போகலாம். செய்தித்தாள் என்றால் நாளோடு ஊர்ப் பதிப்பும் சேர்த்து. புதுச்சேரிப் பதிப்பில் வந்தது சென்னைப் பதிப்பில் இருக்காது.

அப்படியே எடுத்த வாக்கியத்துக்கு மேற்கோள் குறி வேண்டும். சொந்த வார்த்தையில் மாற்றி எழுதினாலும் கருத்து யாருடையதோ அவர் பெயர் வரணும். “வார்த்தையை மாத்திட்டேனே, அப்புறம் என்ன?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். மாட்டுக்கு வேறு வண்ணம் பூசினால் மாடு நம்முடையது ஆகிவிடுமா என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்தப் பழக்கம் இப்போது விட்டுப்போனால் பின்னால் கை சுடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் 60 சதவிகிதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் அந்த ஆய்வுப் பதிவையே ரத்து செய்யலாம். நம் வீடுகளில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் நிறைய. பத்து வருடம் ‘நெட்ல இருந்து எடுத்து எழுது’ என்று பழக்கிவிட்டு, திடீரென்று இருபத்து மூன்று வயதில் அது குற்றம் என்று சொன்னால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

மேற்கோள் என்பது வெளிநாட்டு வழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். உ.வே.சாமிநாதையர் தன் பதிப்புகளின் முன்னுரையில், எந்த ஊரில் யார் வீட்டிலிருந்து ஏட்டுச்சுவடி கிடைத்தது என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறார். சிறுபாணாற்றுப்படை அடங்கிய பத்துப்பாட்டை அவர் பதிப்பித்தது 1889-ல்.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு போன்ற இடங்களுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லணும். 1993 முதல் நடக்கும் அந்த மாநாட்டில் 10 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் பங்கேற்கலாம். தங்கள் ஊர்ப் பிரச்னையைத் தாங்களே ஆராய்வதுதான் அதன் அடிப்படை. அங்கே பெரும்பாலும் ஆதாரம் புத்தகத்தில் இருக்காது, ஆட்களிடம் இருக்கும். ஏரி தூர்ந்துபோன கதையை அறுபது வருடமாக அதன் கரையில் விவசாயம் பார்த்த தாத்தாவிடம்தான் கேட்க முடியும். அதையும் முறையாக எழுதலாம்: பெயர், வயது, தொழில், ஊர், பேசிய நாள். பேசுவதற்கு முன், “தாத்தா, உங்க பேரைப் போட்டுக்கலாமா?” என்று கேட்கணும். வேண்டாம் என்றால் ‘விவசாயி, 74 வயது’ என்று மட்டும் எழுதலாம். அவர் சொன்ன ஆண்டை மட்டும் வேறு ஒருவரிடமோ, பழைய பத்திரிகையிலோ ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளணும். ‘எம்.ஜி.ஆர். இறந்த வருஷம் வந்த வெள்ளம்’ என்று சொன்னால் அது 1987. இப்படித்தான் பெரியவர்கள் தேதி சொல்வார்கள். பிள்ளைதான் அதைக் கணக்குப் போட்டுப் பிடிக்கணும். ப்ராஜெக்ட் முடிந்ததும் ஒரு நகலைக் கொண்டுபோய் அந்தத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு, அவர் சொன்னதாக எழுதியிருக்கும் இடத்தை வாசித்தும் காட்டச் சொல்லுங்கள். “நான் அப்படிச் சொல்லலியே, மதகு வடக்கால இல்ல இருந்துச்சு” என்று அவர் திருத்தினால், அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும்.